எஞ்சிய முக்கால்

பள்ளிப் படிப்பு நிறைவுறும்போது கையில் கிடைப்பது மதிப்பெண் சான்றிதழ். கல்லூரிக்குள் நுழைவதற்கு அது இன்றியமையாதது. நுழைந்தபின் அங்கு நிலைத்து நின்று கற்பதற்கு வேறு சில தேவைப்படுகின்றன. தானே படிக்கும் பழக்கம், புரியாததைப் புரியவில்லை என்று சொல்லும் துணிவு, பிறரோடு இணைந்து செயலாற்றும் பண்பு, தோல்விக்குப் பின் மீண்டும் தொடங்கும் உறுதி ஆகியவை எந்தச் சான்றிதழிலும் எழுதப்படுவதில்லை. ஆயினும் அவை பள்ளியிலேயே பெறத்தக்கவை. அவற்றைப் பெறும் வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லையில் நிற்கும் வகுப்பு

மேல்நிலை வகுப்புகள் இன்று பள்ளியின் ஒரு பகுதி. முன்பு அவ்வாறு இல்லை. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டுக்கு முன்னர் பதினோராம் வகுப்போடு பள்ளிக் கல்வி முடிவுற்றது. பள்ளியிறுதித் தேர்வில் தேறியோர் கல்லூரியில் சேர்ந்து, ஓராண்டுக் காலம் புகுமுக வகுப்புப் பயின்றனர். அதன் பின்னரே மூன்றாண்டுப் பட்டப்படிப்புத் தொடங்கியது.

கோத்தாரி தலைமையில் அமைந்த கல்விக் குழு (1964–1966), பத்தாண்டுப் பொதுக்கல்வி, ஈராண்டு மேல்நிலைக் கல்வி, மூன்றாண்டுப் பட்டக் கல்வி என்னும் அமைப்பைப் பரிந்துரைத்தது. அதனையொட்டித் தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி அறிமுகமானது. புகுமுக வகுப்பு வழக்கொழிந்தது.

இம்மாற்றத்தின் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புகுமுக வகுப்பில் சேர்ந்த மாணவர், புதிய ஊர், புதிய சூழல், புதிய பயிற்றுமொழி ஆகிய அனைத்தையும் ஒரே ஆண்டுக்குள் எதிர்கொள்ள நேர்ந்தது. சூழல் பழகுவதற்குள் தேர்வு வந்துவிடும். இன்று அந்த ஆயத்தம், பழகிய ஊரில், பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர்களுக்கு இடையே, ஈராண்டுகள் நடைபெறுகிறது. ஆகவே, மேல்நிலைக் கல்வியைப் பொதுத்தேர்வுக்கான காலமாக மட்டும் கருதுவது அதன் பயனில் ஒரு பகுதியை இழப்பதாகும்.

நன்னூல் காட்டும் கணக்கு

கற்றலில் ஆசிரியர் தருவது எவ்வளவு, மாணவர் தாமே தேடிக்கொள்வது எவ்வளவு என்னும் வினாவுக்கு நம் இலக்கண நூல் ஒன்று விடை கூறியிருக்கிறது. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையை விளக்கும் பவணந்தி முனிவர், கல்வியை நான்கு பங்குகளாகப் பகுத்துக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை முழுமையாக மனங்கொண்டாலும் மாணவருக்குக் கிட்டுவது கால் பங்கு புலமையே. உடன் பயில்வோரோடு பழகிக் கலந்து கற்பதால் மற்றொரு கால் பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறருக்குத் தெளிவுற எடுத்துரைப்பதால் நிறைவுறும்.

ஓலைச்சுவடியிலும் செவிவழியிலும் கல்வி வளர்ந்த காலத்தில் இக்கணக்கு எழுதப்பட்டது. அதனை இன்றைய பள்ளிக்குப் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மாணவர் பலர் பள்ளியில் முதற் கால்பங்கையே முழுக் கல்வியாகக் கருதிவிடுகின்றனர். வகுப்பில் கேட்பது, குறிப்பெடுப்பது, தேர்வில் எழுதுவது என்பதோடு அமைந்துவிடுகின்றனர். கல்லூரியிலோ எஞ்சிய முக்காற்பங்கே பெரிதும் எதிர்பார்க்கப்படுகிறது.

> தெரிந்து தெளிவோம்
> நன்னூல் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இலக்கண நூல். சீயகங்கன் என்னும் சிற்றரசரின் வேண்டுகோளுக்கு இணங்கப் பவணந்தி முனிவர் இதனை இயற்றினார். எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் என்னும் இரு பகுதிகளை உடையது. நூலின் இயல்பு, ஆசிரியரின் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கரின் இயல்பு, பாடம் கேட்கும் முறை ஆகியவற்றை இதன் பொதுப்பாயிரம் விளக்குகிறது.

மணி ஒலிக்காத இடம்

பள்ளி நாள் பிறர் வகுத்த ஒழுங்கில் நகர்கிறது. மணி ஒலித்தால் பாடவேளை மாறுகிறது. வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் மறுநாளே கேள்வி எழுகிறது. இரண்டு நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் வீட்டாரிடம் காரணம் கேட்கிறார். அலகுத் தேர்வு, காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, திருப்புதல் தேர்வு என அடுத்தடுத்து வரும் தேர்வுகள் மாணவரைப் படிப்பிலிருந்து விலகவிடாமல் பிடித்து நிறுத்துகின்றன. மாணவர் அறிந்தோ அறியாமலோ அவருடைய காலத்தைப் பள்ளியே நிருவகித்துத் தருகிறது.

கல்லூரியில் இத்தகைய கட்டுகள் தளர்ந்துவிடுகின்றன. அங்குப் பெரும்பாலும் பருவமுறை நடைமுறையில் உள்ளது. ஓராண்டில் இரு பருவங்கள். ஒரு பருவத்திற்கு ஏறத்தாழ 90 வேலைநாள்கள். அதற்குள் பாடங்கள், ஒப்படைவுகள், கருத்தரங்குகள், அகமதிப்பீட்டுத் தேர்வுகள் அனைத்தும் முடிந்துவிடும். பேராசிரியர் ஒரு நூலைக் குறிப்பிட்டால், அதனை நூலகத்தில் தேடி எடுத்துப் படிக்க வேண்டியவர் மாணவரே. படித்தாரா என்று நாள்தோறும் வினவ ஒருவரும் இரார்.

ஒரு தாளில் தேறாவிட்டாலும் அடுத்த பருவத்தைத் தொடரலாம் என்பது கல்லூரியில் பொதுவாக உள்ள வாய்ப்பு. தவறியவர் மீண்டும் எழுதித் தேறுவதற்காக அமைந்த இந்த ஏற்பாடு, சிலருக்குச் சுமையாக மாறிவிடுகிறது. ‘அரியர்’ என மாணவர் வழக்கில் கூறப்படும் நிலுவைத் தாள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிறது. மூன்றாம் ஆண்டின் இறுதியில் உடன் பயின்றோர் பட்டம் பெற்று வெளியேற, தாம் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தும் வரிசையில் நிற்கும் நிலை உண்டாகிறது. இவர்களுள் பலர் அறிவிற் குறைந்தவர் அல்லர். பிறர் ஒலித்த மணிக்கு எழுந்து பழகியவர்கள். தமக்குத் தாமே மணி ஒலித்துக்கொள்ளப் பழகாதவர்கள்.

இப்பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்கலாம். ஆசிரியர் தேதி குறிப்பதற்கு முன்பே ஒரு பாடத்தைத் தாமே வகுத்துக்கொண்டு படித்து முடிப்பது, ஒரு வாரத்திற்குரிய வேலையை ஞாயிறன்று எழுதிவைத்து வார இறுதியில் சரிபார்ப்பது போன்ற எளிய செயல்களே போதும். திட்டம் தவறினாலும் பள்ளியில் இழப்புச் சிறிது. கல்லூரியில் அதே தவறு ஒரு பருவத்தையே விழுங்கிவிடக்கூடும்.

புரியவில்லை என்னும் சொல்

முதற் கால்பங்கு ஆசிரியர் தருவது. அதனையும் முழுமையாகப் பெற வினவும் துணிவு வேண்டும். கேட்டதைச் சிந்தித்தல், ஐயங்களை வினவுதல், வினவப்பட்டவற்றுக்கு விடை கூறுதல் ஆகியவற்றை மாணாக்கரின் கடமைகளாகவே நன்னூல் குறிப்பிடுகிறது.

இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்புப் பயின்றபோது நிகழ்ந்த ஒன்றை அப்துல் கலாம் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். பாடம் முடிந்ததும், புரிந்ததா என்று வினவினார். கலாம் தமக்குப் புரியவில்லை என்றார். மற்ற மாணவர் பலரும் அவ்வாறே கூறினர். ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. அன்று மாலையே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் சிறகடித்து எழுவதையும் வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் நேரில் காட்டி விளக்கினார். வாழ்வில் தாம் செல்லவேண்டிய திசையை அந்தப் பாடமே காட்டியதாகக் கலாம் கருதினார். பின்னர் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியலும், சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலும் பயின்றார்.

இந்நிகழ்வில் ஆசிரியரின் பெருமையைப் பலரும் காண்பர். மாணவரின் பங்கையும் காணுதல் வேண்டும். புரியாமலே அவர்கள் தலையசைத்திருந்தால் கடற்கரைப் பாடம் நிகழ்ந்திருக்காது. நூறு பேர் அமர்ந்திருக்கும் கல்லூரி வகுப்பில் முதன்முறையாக எழுந்து வினவுவது கடினம். நாற்பது பேர் உள்ள பள்ளி வகுப்பில், அறிந்த முகங்களுக்கு நடுவே, அதனைப் பழகிக்கொள்வது எளிது.

உடன் பயில்வோர் தரும் கால்பங்கு

இரண்டாம் கால்பங்கு உடன் பயில்வோரால் வருவது. ஒரே மேசையில் அமர்ந்து பாடத்தைப் பகிர்வதோடு அது நின்றுவிடுவதில்லை. இலக்கிய மன்றம், விளையாட்டு அணி, சாரணர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம் ஆகிய அனைத்தும் இக்கால்பங்கின் களங்களே. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம், பின்னர் மேல்நிலை வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கல்லூரி மாணவருக்கென உருவான ஒரு பயிற்சி, பள்ளியை நோக்கி வந்ததற்கு இஃது எடுத்துக்காட்டு.

சிற்றூர் ஒன்றில் நடைபெறும் ஏழு நாள் முகாமை எண்ணிப் பார்ப்போம். அங்குச் சமையலுக்கு எத்தனை படி அரிசி வேண்டும் என்பதைக் கணக்கிட வேண்டும். ஊர்ப் பெரியவரிடம் பணிவாகப் பேசி இடத்திற்கு இசைவு பெற வேண்டும். கால்வாயைத் தூர்வார மறுத்து ஒதுங்கி நிற்கும் நண்பரைக் கடிந்துகொள்ளாமல் வேலைக்கு அழைக்க வேண்டும். செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதி ஒப்படைக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் வினாத்தாள் இல்லை. ஆனால், கல்லூரி விடுதியில் மூவரோடு ஓர் அறையைப் பகிரும்போதும், பின்னர் ஓர் அலுவலகத்தில் குழுவாகப் பணியாற்றும்போதும், இப்பயிற்சியே துணைநிற்கிறது.

கருத்து வேறுபட்டவரோடு உரையாடும் பண்பும் இங்குதான் உருவாகிறது. பட்டிமன்றத்தில் எதிரணியின் கூற்றை முழுமையாகக் கேட்ட பின்னரே மறுத்துப் பேச இயலும். வெவ்வேறு குடும்பப் பின்னணியிலிருந்து வந்தவர்கள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் சத்துணவுக் கூடமும் ஒரு வகுப்பறையே. பிறப்பாலோ பொருளாலோ மனிதரை அளக்கக் கூடாது என்பதைப் பாடமாகக் கேட்பது ஒன்று. அருகில் அமர்ந்து உண்டு பழகியதால் அறிவது மற்றொன்று. இரண்டாவதே நெடுநாள் நிற்கும்.

எடுத்துரைப்பதால் நிறையும் அரைப்பங்கு

கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதற்கு நன்னூல் அரைப்பங்கு அளித்ததன் காரணத்தை இக்கால உளவியல் ஆய்வுகளும் விளக்குகின்றன. செருமானிய அறிஞர் எர்மன் எப்பிங்காசு, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவாக மறக்கின்றன என்பதை அளந்து 1885இல் வெளியிட்டார். கற்ற சில மணிநேரத்திற்குள்ளேயே பெரும்பகுதி மறந்துவிடுகிறது என்பதும், பின்னர் மறதியின் வேகம் குறைகிறது என்பதும் அவர் கண்டவை.

அம்மறதியை வெல்லும் வழிகளுள் ஒன்றை 2006இல் அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகர், கார்பிக் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கல்லூரி மாணவர்களிடம் ஓர் உரைப்பகுதி படிக்கத் தரப்பட்டது. ஒரு பிரிவினர் அதனை மீண்டும் படித்தனர். மற்றொரு பிரிவினர் பகுதியை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, மீண்டும் படித்தவர்களே மிகுதியாக எழுதினர். ஒரு வாரம் கழித்து வைத்தபோது முடிவு தலைகீழானது. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே மிகுதியாக நினைவுகூர்ந்தனர்.

தேர்வுக்கு முந்தைய இரவில் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினால் எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவதன் காரணம் இதனால் விளங்கும். கண்ணுக்குப் பழகிய வரி, கருத்துக்கு வயப்பட்ட வரி ஆகிவிடாது. புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கும்போதும், நண்பருக்கு விளக்கும்போதும்தான் நாம் அறியாதது எது என்று நமக்கே தெரியவருகிறது. வகுப்பில் பின்தங்கிய நண்பருக்குப் பாடம் சொல்லித் தரும் மாணவர், தம் நேரத்தை இழப்பதில்லை. பவணந்தியார் கூறிய அரைப்பங்கைச் சேர்த்துக்கொள்கிறார்.

மொழி என்னும் பாலம்

தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் மாணவர் பலருக்கு அச்சம் தருவது ஆங்கிலவழிப் பாடம். முதல் வாரத்தில் பேராசிரியர் கூறும் சொற்கள் விளங்காதபோது, தமக்குப் பாடமே தெரியவில்லை என்று அவர்கள் முடிவு செய்துவிடுகின்றனர். அறியாதது சொல்லா, கருத்தா என்பதைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். முடுக்கம் என்றால் என்ன என்று அறிந்தவருக்கு ‘ஆக்சிலரேஷன்’ என்பது ஒரு புதிய பெயர் மட்டுமே. ஒளிச்சேர்க்கை நிகழும் விதத்தைத் தெளிவாக விளக்கத் தெரிந்தவர், ‘போட்டோசிந்தசிஸ்’ என்னும் சொல்லை ஒரு நாளில் கற்றுக்கொள்வார். கருத்தே தெரியாமல் சொல்லை மட்டும் ஒப்பிப்பவர் நிலைதான் இரங்கத்தக்கது.

பொள்ளாச்சி அருகே கோதவாடி என்னும் சிற்றூரில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர் மயில்சாமி அண்ணாதுரை. கோவையில் பொறியியல் பயின்று, 1982இல் இந்திய விண்வெளி ஆய்வு மையத்தில் சேர்ந்தார். 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநராக விளங்கினார். தாய்மொழியில் ஊன்றிய அடிப்படை, உயர்கல்விக்குத் தடையாகாது என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

ஆயினும் பாலத்தை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு குறிப்பேடு வைத்து, ஒருபுறம் தமிழ்க் கலைச்சொல்லும் மறுபுறம் ஆங்கிலச் சொல்லும் எழுதிவரலாம். நாளொன்றுக்கு மூன்று சொற்கள் எழுதினாலும், ஈராண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்துவிடும். கல்லூரியின் முதல் வாரத்தில் அக்குறிப்பேடு ஒரு துணைவராக உடன்வரும்.

கும்பகோணம் கூறும் பாடம்

பள்ளியில் சிறந்தவர் கல்லூரியில் இடறக்கூடுமா? கூடும் என்பதற்குக் கணிதமேதை இராமானுசன் வாழ்வே சான்று. கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் அவருடைய கணிதத் திறமை பாராட்டப்பட்டது; 1904இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது பரிசும் பெற்றார். பள்ளி நாள்களிலேயே கார் என்பவர் தொகுத்த, ஆயிரக்கணக்கான கணித முடிவுகள் அடங்கிய நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. அந்நூலில் நிறுவல்கள் சுருக்கமாகவே இருந்தன. ஆகவே, ஒவ்வொன்றையும் அவர் தாமே நிறுவிப் பார்த்தார். எஞ்சிய முக்காலைத் தேடும் வேட்கை அவரிடம் நிறைந்திருந்தது.

அதே ஆண்டில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். மனம் முழுவதும் கணிதத்தில் தோய்ந்திருந்ததால் பிற பாடங்களில் தேறவில்லை. உதவித்தொகை நின்றது, வறுமை மிக்க குடும்பத்திற்கு அஃது ஈடுசெய்ய இயலாத இழப்பு. பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேற இயலவில்லை. பட்டமின்றி, பணியின்றிச் சில ஆண்டுகள் கழிந்தன. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

இவ்வரலாற்றை எடுத்துக்காட்டி, மதிப்பெண் பெறாவிட்டாலும் மேதையாகலாம் என்று கூறுவோர் உண்டு. அக்கூற்று இவ்வரலாற்றின் துயரத்தை மறைத்துவிடுகிறது. விருப்பமற்ற பாடங்களுக்கு உரிய நேரத்தை ஒதுக்கக் கற்பிக்கும் துணை அவருக்குக் கிட்டியிருந்தால், வறுமையில் அலைந்த ஆண்டுகள் குறைந்திருக்கும். 1920இல் 32 வயதில் மறைந்த ஒருவரின் வாழ்வில் அந்த ஆண்டுகள் சிறியவை அல்ல.

அவரை மீட்டவை இரண்டு. ஒன்று, தோல்வியிலும் கைவிடாமல் எழுதிவந்த குறிப்பேடுகள். மற்றொன்று, தம் குறிப்பேடுகளோடு சென்று அறிந்தோரிடம் உதவி கேட்கத் தயங்காமை. இந்தியக் கணிதவியல் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயரையும், நெல்லூர் ஆட்சியராக விளங்கிய ஆர். இராமச்சந்திர ராவையும் அவர் நாடிச் சென்றார். 1913 சனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914இல் இங்கிலாந்து சென்ற அவர், 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

இராமானுசனிடமிருந்து மாணவர் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று: விரும்பும் பாடத்தில் ஆழ்க; விரும்பாத பாடத்திற்கும் உரிய நேரம் தருக; இடறும்போது ஒதுங்கி மறையாமல் உதவி நாடுக. மூன்றாவதையே பலரும் மறக்கின்றனர். தோல்வியைப் பிறர் அறியாமல் மறைப்பதில் செலவாகும் ஆற்றல், அதனைச் சரிசெய்வதற்குப் போதுமானது.

வீட்டில் வழிகாட்ட எவரும் இல்லாதபோது

தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்குப் பள்ளியின் பங்கு இன்னும் பெரிது. பட்டம் பெற்றோர் உள்ள வீடுகளில், எப்படிப்பை எங்குப் படிக்கலாம், எச்சான்றிதழ் எப்போது தேவை என்பன உணவு நேரத்துப் பேச்சிலேயே தெரிந்துவிடும். கூலிவேலை முடித்து இரவு வீடு திரும்பும் பெற்றோர், மகளின் கல்விக்காக எதையும் தரத் துணிந்திருப்பர். ஆனால் விண்ணப்பத்தை எவ்வாறு நிரப்புவது என்று சொல்ல இயலாதவராக இருப்பர். அங்கே வகுப்பாசிரியர் கூறும் ஒரு சொல்லே முழு வழிகாட்டுதல். தேவையான சான்றிதழை உரிய நாளுக்குள் பெறாததால் ஓர் இடத்தை இழப்பது, மதிப்பெண் குறைவால் இழப்பதைவிட வருத்தத்திற்குரியது.

> தெரிந்து தெளிவோம்
> அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி தொடரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022இலும், மாணவருக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை மேல்நிலைக் கல்வியின்போதே பெற்று வைத்திருப்பது நன்று.

முதலாவதாகச் செல்பவர் தமக்காக மட்டும் செல்வதில்லை. அவர் அறிந்துவரும் ஒவ்வொரு செய்தியும் தம்பி தங்கையருக்கும் தெருவில் உள்ள பிற பிள்ளைகளுக்கும் வழியாகிறது. அதனால்தான் அவர் இடையில் நின்றுவிடாமல் படிப்பை முடிப்பது ஒரு குடும்பத்தின் செய்தியாக மட்டும் அமைவதில்லை.

எடுத்துச் செல்பவை

பள்ளியில் பயின்ற செய்திகளுள் சில மறந்துபோகும். வேதியியல் சமன்பாடும் போர் நிகழ்ந்த ஆண்டும் தொழிலுக்குத் தேவைப்படாவிட்டால் நினைவிலிருந்து நழுவலாம். அவற்றைக் கற்றபோது உருவான பழக்கங்கள் அவ்வாறு நழுவுவதில்லை. சமன்பாட்டைச் சரிசெய்தபோது பெற்ற பொறுமையும், வரலாற்றில் ஒரு நிகழ்வுக்குப் பல காரணங்கள் உண்டு என அறிந்தபோது பெற்ற நிதானமும், தோற்ற ஆட்டத்திற்குப் பின் எதிரணியோடு கைகுலுக்கியபோது பெற்ற பண்பும் நம்மோடு வருகின்றன. வங்கியில் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் அதனை முழுமையாகப் படிப்பதும், கேட்ட செய்தியை ஆராயாமல் பிறருக்கு அனுப்பாதிருப்பதும், வாக்குச்சாவடியில் தம் அறிவால் முடிவெடுப்பதும் அப்பழக்கங்களின் தொடர்ச்சியே.

கால்பங்கைத் தருவதற்கு ஆசிரியர் இருக்கிறார். எஞ்சியவற்றைத் தேடுவதற்கு நண்பர்களும் நூலகமும் மன்றங்களும் விளையாட்டுத் திடலும் உள்ளன. தவறினாலும் திருத்திக்கொள்ள இடந்தரும் ஈராண்டுகளும் உள்ளன. அவற்றை இன்றே பயன்படுத்தத் தொடங்குபவர், கல்லூரியின் முதல் நாளில் புதிய மாணவராக இருப்பார். கற்றலுக்குப் புதியவராக இருக்கமாட்டார்.

கற்பவை கற்றபின்...

1. இவ்வாரம் படித்த ஏதேனும் ஒரு பாடத்தைப் புத்தகம் பாராமல் எழுதுக. விடுபட்டவற்றைப் பட்டியலிட்டு, மூன்று நாள் கழித்து மீண்டும் எழுதி ஒப்பிடுக.
2. உங்கள் பள்ளியில் பயின்று தற்போது கல்லூரியில் படிக்கும் மாணவர் ஒருவரைச் சந்தித்து, பள்ளியில் பெற்ற எப்பழக்கம் அவருக்குத் துணைநின்றது, எப்பழக்கம் இல்லாமையால் இடர்ப்பட்டார் என்பதைக் கேட்டறிந்து வகுப்பில் பேசுக.
3. நீங்கள் பயிலும் பாடங்களுள் ஒன்றிலிருந்து ஐம்பது கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொகுத்துக் குறிப்பேடு உருவாக்குக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. நன்னூலின்படி, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் கிட்டும் புலமை
அ) கால் பங்கு ஆ) அரைப்பங்கு இ) முக்கால் பங்கு ஈ) முழுப்பங்கு

2. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி அறிமுகமான ஆண்டு
அ) 1964 ஆ) 1969 இ) 1978 ஈ) 1982

*குறுவினா*

1. புகுமுக வகுப்பு – குறிப்பு வரைக.
2. ‘கண்ணுக்குப் பழகிய வரி, கருத்துக்கு வயப்பட்ட வரி ஆகிவிடாது’ – விளக்குக.

*சிறுவினா*

1. பறவை பறத்தல் பற்றிய பாடத்தில் ஆசிரியர், மாணவர் இருவரின் பங்கையும் எழுதுக.
2. தமிழ்வழியில் பயின்றோர் ஆங்கிலவழிக் கல்லூரிப் பாடத்தை எதிர்கொள்ளக் கட்டுரை கூறும் வழி யாது?

*நெடுவினா*

1. இராமானுசனின் கல்லூரி வாழ்வு மாணவருக்கு உணர்த்துவன யாவை? மதிப்பெண் குறித்த உங்கள் கருத்தையும் இணைத்து எழுதுக.